காயத்துக்கும் வயதாகும்

1865-இல் முடிந்துபோன ஒரு போருக்காக ஒரு நாடு 2020 வரை மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கி ஏந்திய ஒருவரின் மகளுக்குப் போய்ச் சேர்ந்த ஓய்வூதியம் அது; மாதம் 73 டாலர் 13 சென்ட். அப்பாவுக்கு எண்பது வயது தாண்டியபின் பிறந்தவர் அந்த மகள். அவர் காலமான பிறகுதான் அந்தப் போரின் கடைசிக் கணக்கு மூடப்பட்டது.

வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போர் 1918-இல் ஓய்ந்தது. அதில் உடல் கெட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கான இழப்பீட்டுச் செலவு உச்சத்துக்குப் போனது 1969-இல். அரை நூற்றாண்டு கழித்து. போருக்குப் போன பையன்கள் எழுபது வயதுத் தாத்தாக்கள் ஆன பிறகு.

காயம்பட்ட படைவீரர்களுக்கு ஊரும் தொண்டு அமைப்புகளும் செய்யும் உதவியைப் பற்றிப் பேச, இந்த இடைவெளியில் தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். சண்டை நடக்கும்போது நாடே உருகும், உண்டியல் நிரம்பும். சண்டை ஓய்ந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். தேவையோ அப்போதுதான் வளரத் தொடங்குகிறது.

ஒரு காலை எடுத்துக்கொள்வோம். இருபது வயதில் முழங்காலுக்குக் கீழே இழந்த ஒருவர் எழுபத்தைந்து வயது வரை வாழ்கிறார். செயற்கைக் கால் ஒன்று பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் தாங்கும். அப்படியானால் அவருக்குத் தேவைப்படுவது ஒரு கால் அல்ல, பத்துப் பதினைந்து கால்கள். அதிலும், மிஞ்சிய காலை உள்ளே வாங்கிக்கொள்ளும் கிண்ணம் போன்ற பகுதி, அதாவது சாக்கெட், கச்சிதமாகப் பொருந்த வேண்டும். உடம்பு இரண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் அது உறுத்தும். உறுத்தினால் தோல் உரியும். உரிந்த இடம் ஆறும்வரை காலை மாட்ட முடியாது. அத்தனை நாளும் வேலைக்குப் போக முடியாது. இதற்கிடையே பாரமெல்லாம் நல்ல காலின் மேல் விழுவதால் அந்த முட்டி சீக்கிரம் தேயும், முதுகு பிடித்துக்கொள்ளும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இதே கதை தோள்பட்டையில் நடக்கும். போரில் அடிபடாத உறுப்புகள் ஒவ்வொன்றாகப் போருக்குக் கப்பம் கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத காயங்கள் இன்னும் மெதுவானவை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் பாதிப்புகளில் எண்ணிக்கையில் முதலிடத்தில் நிற்பது, கால் கை இழப்பு அல்ல. காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சல். அதைப் புகைப்படம் எடுத்து நன்கொடைச் சுவரொட்டியில் போட முடியாது. அதனால் அதற்கு நன்கொடையும் வராது. பயிற்சியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர், ராணுவ வண்டி கவிழ்ந்து இடுப்பு உடைந்தவர் கதையும் இதுதான். எதிரியின் குண்டு படவில்லை என்பதற்காக வலி குறைச்சலாகவா இருக்கும்?

அரசர்கள் காலத்து விடை எளிமையானது: ஒரு பெரிய கட்டடம் கட்டி எல்லோரையும் அதில் வைத்துவிடுவது. பிரான்சின் பதினான்காம் லூயி 1670-இல் பாரீசில் இன்வாலீத் மாளிகைக்கு ஆணையிட்டார். அதைப் பார்த்து இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1682-இல் லண்டனின் செல்சி பகுதியில் ஒன்றைத் தொடங்கினார். சாப்பாடு, படுக்கை, சீருடை எல்லாம் உண்டு. கூடவே, மன்னருக்காகச் சண்டையிட்டவர்கள் தெருவில் பிச்சையெடுக்கும் காட்சி மன்னர் கண்ணில் படாமலும் இருக்கும். கருணையும் சங்கடமும் கலந்த ஏற்பாடு. ஒரு ராணுவத்துக்குப் பத்தாயிரக்கணக்கில் ஆள் இருந்தவரை இது ஓடியது. முதல் உலகப் போர் லட்சக்கணக்கில் உடைந்த மனிதர்களைத் திருப்பி அனுப்பியபோது எந்த மாளிகையும் போதவில்லை.

அப்போது இரண்டு நாடுகள் இரண்டு வழியில் போயின. இந்த விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

தோற்ற ஜெர்மனி, பொறுப்பு முழுவதையும் அரசின் தோளில் ஏற்றிக்கொண்டது. 1920-இன் ஓய்வூதியச் சட்டம் காயத்தின் அளவுக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்பப் பணம் வகுத்தது. கடுமையாக ஊனமுற்றவர்களை வேலைக்கு எடுத்தே தீரவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது இன்னொரு சட்டம். தனியார் தொண்டு அமைப்புகளை அரசு இறுக்கிப் பிடித்தது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதைப் பிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்பது அதன் நியாயம். ஜெயித்த பிரிட்டனில் நிலைமை தலைகீழ். ஓய்வூதியம் சொற்பம். வேலைக்கு 1919-இல் மன்னர் பெயரில் ஒரு பட்டியல் வைத்தார்கள்: ஊழியர்களில் நூற்றுக்கு ஐந்து பேராவது ஊனமுற்ற முன்னாள் வீரர்களாக இருந்தால் அந்த நிறுவனத்தின் பெயர் அதில் ஏறும். விருப்பமிருந்தால் செய்யலாம், கட்டாயமில்லை. மிச்சத்தையெல்லாம் தொண்டு அமைப்புகள் தலையில் கட்டிவிட்டது அரசு.

யார் அதிகம் திருப்தியாக இருந்திருப்பார்கள்? கையில் பணமும் வேலையும் கிடைத்த ஜெர்மானியர்தானே? நடந்தது வேறு. ஜெர்மானிய வீரர்கள் தங்கள் குடியரசின் மேல் கடுங்கோபத்தில் இருந்தார்கள். பிரிட்டனின் வீரர்கள் தெருவில் தீப்பெட்டி விற்றும்கூட நாட்டின் மேல் பெரிதாகக் கசப்பு வளர்க்கவில்லை. இதற்குப் பணவீக்கம், தோல்வி, அரசியல் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் வரலாற்றாய்வில் அழுத்தமாக முன்வைக்கப்பட்ட ஒரு காரணம் யோசிக்க வைப்பது. ஜெர்மனியில் காயம்பட்டவர் சந்தித்ததெல்லாம் குமாஸ்தாவையும் படிவத்தையும்தான். அவருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நடுவே அரசு வந்து நின்றுகொண்டது. பிரிட்டனில் உதவி குறைவாக இருந்தாலும் அது மனித முகத்தோடு வந்தது. யாரோ ஒருவர் வீடு தேடி வந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நன்றி சொன்னார்.

சரி, அப்படியானால் அரசு கையைக் கழுவிவிட்டு எல்லாவற்றையும் தொண்டு அமைப்புகளிடம் விடலாமா? கூடவே கூடாது. பிரிட்டன் அரசு அந்த நன்றியுணர்வின் நிழலில் சௌகரியமாக ஒளிந்துகொண்டது என்பதும் அதே வரலாறுதான். 1944-இல், அடுத்த போரின் நடுவே, வேலையில் கட்டாய ஒதுக்கீட்டுக்கான சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. கால், மருந்து, ஓய்வூதியம் மூன்றும் உரிமையாக வரவேண்டியவை. நன்கொடையாளரின் மனநிலை மாறினால் நின்றுபோகக்கூடியதாக ஒருவரின் கால் இருக்கக் கூடாது. ஊரால் கொடுக்க முடிந்தது வேறு வகை. எந்தத் துறையும் அதற்கு ஆணை பிறப்பிக்க முடியாது.

முதலில் வேலை. நவம்பர் மாதத்தில் பிரிட்டிஷார் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூவைப் பலரும் பார்த்திருப்போம். முன்னாள் வீரர்களுக்கு உதவ 1921-இல் அதை முதல்முறை விற்றபோது 1,06,000 பவுண்டு சேர்ந்தது. ஆனால் அந்த வருடம் பூக்கள் பிரான்சிலிருந்து வந்தவை. அடுத்த வருடம் ஜார்ஜ் ஹவ்சன் என்ற மேஜர், ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் ஐந்து பேரை வைத்து லண்டனில் ஒரு சிறு பட்டறை போட்டார். ஒரு கை மட்டும் உள்ளவரும் கோத்து முடிக்கும்படி அந்தப் பூவை வடிவமைத்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஆளைப் பூவுக்கேற்ப வளைக்கவில்லை, பூவை ஆளுக்கேற்ப மாற்றினார்கள். வேலை கொடுக்க நினைக்கும் எந்த முதலாளிக்கும் இன்றைக்கும் இதுதான் பாடம்: கேட்க வேண்டிய கேள்வி 'இவரால் என்ன முடியாது' என்பதல்ல, 'இந்த வேலையில் எதை மாற்றினால் இவருக்கு முடியும்' என்பது.

பார்வை இழந்தவர்களுக்கு 1915-இல் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தைத் தொடங்கிய ஆர்தர் பியர்சன் ஒரு பத்திரிகை முதலாளி. கண் நோயில் தானே பார்வையை இழந்தவர். பிரெய்ல், தட்டச்சு, மசாஜ், செருப்புத் தைப்பது, கோழி வளர்ப்பு என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது பயிற்சி முடிந்தபின் நடந்தது. அவர்கள் ஆளை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடவில்லை. வீட்டுக்குப் போய்த் தொழில் தொடங்கியவரையும் ஆண்டாண்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். முன்னே சொன்ன இடைவெளியை அன்றைக்கே புரிந்துகொண்ட அமைப்பு அது. பெயர் மாறி இன்றும் இயங்குகிறது.

வேலைக்கு அடுத்தது, முகம். கால் போனவரைப் பார்த்து இரங்குகிற கண், முகம் சிதைந்தவரைப் பார்த்தால் திரும்பிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் விமானம் பற்றியெரிந்து, முகமும் கையும் வெந்துபோன விமானிகள் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர் மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே ஆர்ச்சிபால்ட் மக்இண்டோ என்ற நியூசிலாந்துக்காரர் அறுவை மருத்துவர். கடலில் விழுந்த விமானிகளின் தீக்காயம் நன்றாக ஆறுவதைக் கவனித்து உப்புநீர்க் குளியலைக் கொண்டுவந்தவர். அவர் செய்த பெரிய வைத்தியம் அறுவை அரங்குக்கு வெளியே நடந்தது.

குணமாகிவரும் சிப்பாய்கள் போடவேண்டிய நோயாளி உடையை அவர் ஒழித்துக்கட்டினார்; அவரவர் சீருடையை, இல்லையென்றால் சாதாரண உடுப்பைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போகச் சொன்னார். வார்டில் பீர்ப் பீப்பாய் இருந்தது. முக்கியமாக, ஊராரிடம் போய்ப் பேசினார்: இந்தப் பையன்கள் உங்கள் தெருவில் நடப்பார்கள், உங்கள் கடைக்கு வருவார்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டார்கள். புது மூக்கு உருவாக்குவதற்காக நெற்றியிலிருந்து தொங்கவிட்ட தோல்குழாயோடு ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் பக்கத்து மேசைக்காரர் பேச்சை நிறுத்தவில்லை. 'முறைத்துப் பார்க்காத ஊர்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஓர் ஊர் மொத்தமாக இப்படிப் பழகியது அவ்வளவு எளிதில் நடக்கிற காரியமில்லை. இதற்குச் செலவு என்று பார்த்தால் ஒன்றுமேயில்லை. முதல் சில வாரங்கள் முகத்தசையை அடக்கிக்கொள்ளும் கஷ்டம் மட்டும்தான்.

அந்த நோயாளிகள் 1941-இல் தங்களுக்குள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சோதனை எலி என்கிற பொருளில் 'கினி பிக் கிளப்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பொருளாளராகக் கால் வெந்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதாம். செயலாளருக்கு விரல்கள் வெந்திருந்தன. நீள நீளமாகக் கூட்டக் குறிப்பு எழுத மாட்டாராம். வெளியாள் சொன்னால் அடிக்கப் போவோம். அவர்களே சொன்னால்தான் அது மருந்து. போர் முடிந்தபோது 649 உறுப்பினர்கள்.

ஒரே மாதிரி அடிபட்டவர்கள் ஒன்றுகூடுவதன் பலம் இதுதான். பிரான்சில் முகம் சிதைந்தவர்கள் 1921-இல் சங்கம் கட்டி, 'இருந்தாலும் சிரிப்போம்' என்பதைத் தங்கள் வாசகமாக்கினார்கள். பிற்பாடு லாட்டரி விற்று, யாரிடமும் கையேந்தாமல் தங்களுக்கென ஒரு மாளிகையையே நடத்தினார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் 1970 வாக்கில் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கெட்ட கனவுகளைப் பேசத் தொடங்கியபோது, அவர்களுக்கு வந்திருந்ததற்கு மருத்துவ நூல்களில் ஒரு ஒழுங்கான பெயரே கிடையாது. அந்த வட்டங்களில் வந்து உட்கார்ந்து கேட்ட மனநல மருத்துவர்கள் வழியாகத்தான், 1980-இல் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்று அங்கீகாரம் பெற்றது. மருத்துவம் பின்னால் வந்தது. கூட்டாளிகள் முன்னால் போனார்கள்.

விளையாட்டைப் பற்றி எல்லோரும் அறிந்திருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். அதுவரை அப்படிப்பட்டவர்கள் படுக்கைப்புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் சில மாதங்களில் செத்துப்போவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தே பலரைப் பிழைக்க வைத்தார். பிழைத்தபின் சும்மா படுத்திருக்க விடவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தார்கள். அது 1960-இல் ரோம் நகரில் பாராலிம்பிக் ஆனது. 1965 போரில் குண்டுகள் துளைத்த இந்தியச் சிப்பாய் முரளிகாந்த் பேட்கர் 1972-இல் ஹைடல்பெர்க்கில் நீச்சலில் தங்கம் வென்றதும் அந்தத் தடத்தில்தான். ஆனால் எல்லாக் காயம்பட்டவரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. கடைக்குப் போய்த் திரும்பினால் போதும் என்று இருப்பவருக்கும் உதவி வேண்டும். பதக்கக் கதைகள் பெருகப் பெருக அவர் மறைந்துபோகிறார் என்பது என் சிறு வருத்தம்.

இன்னொருவரும் மறைந்துபோகிறார்: பக்கத்தில் இருப்பவர். அரிசில்கிழார் பாடிய ஒரு சங்கப் பாடலில் ஒரு பெண், தோழியை அழைக்கிறாள். வா, காவல் இருப்போம் என்கிறாள். வீட்டில் வேப்பிலை செருகுவோம், யாழ் மீட்டுவோம், மணி அடிப்போம், வெண்கடுகு தூவுவோம், நறும்புகை எழுப்புவோம். விழுப்புண் பட்டுக் கிடக்கும் தலைவனைக் காப்போம். மரணத்தில் முடிந்தால் நடுகல் உண்டு. கண்விழித்த அந்த இரண்டு பெண்களுக்கு? 2014-இல் வந்த, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, அமெரிக்காவில் மட்டும் படைவீரர்களையும் முன்னாள் வீரர்களையும் வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள் 55 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. மனைவி, அம்மா, சில இடங்களில் நண்பன். வேலையை விட்டவர்கள், தங்கள் உடம்பைப் பார்க்க நேரமில்லாதவர்கள். இதைக் கண்டுகொண்ட தொண்டுகளில் ஒன்று ஃபிஷர் ஹவுஸ். 1990 முதல் ராணுவ மருத்துவமனைகளை ஒட்டி வீடுகள் கட்டி, சிகிச்சையில் இருப்பவரின் குடும்பத்தை இலவசமாகத் தங்க வைக்கிறது. அந்த வீடு காயம்பட்டவருக்கு நேராக எதுவும் கொடுப்பதில்லை. அம்மா நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறாள் என்பதைக் கொடுக்கிறது.

இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டு ஏமாற்றைச் சொல்லாமல் போக முடியாது. சீருடை அணிந்தவரின் படம் பர்ஸைத் திறக்க வைக்கும் என்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். 2014-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல், ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் பெயரில் தபால் வழியே பணம் திரட்டிய விவகாரம் ஒன்றில் 2 கோடியே 46 லட்சம் டாலருக்குத் தீர்வு பெற்றார். மக்கள் அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி, அடுத்த தபாலை அனுப்பும் செலவுக்கே போயிருந்தது. 2018-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் மாநிலங்களும் சேர்ந்து, போலிப் படைவீரர் நிதிகள் மீது நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகள் எடுத்ததாக அறிவித்தன.

பணம் கொடுக்குமுன் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். ஆனால் நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று முடிவுகட்டாதீர்கள். ஒவ்வொரு வீடாகப் போய் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கு ஊழியர் சம்பளம் அதிகம் ஆகும். ஆளுக்கொரு பரிசுப்பெட்டி கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அமைப்புக்கு ஆகாது. நான் கேட்கும் கேள்வி வேறு: பத்து வருடம் முன்பு நீங்கள் உதவியவர் இன்று எப்படி இருக்கிறார்? இதற்குப் பதில் இருக்கும் இடத்தில் தயங்காமல் கொடுக்கலாம்.

பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடியது நிறைய. படிவம் நிரப்பத் தெரிந்தவர் ஒரு மதியம் உட்கார்ந்து ஓய்வூதிய விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால், அது பல நன்கொடைகளைவிடப் பெரிது. செயற்கைக் கால் பொருத்த வெகுதூரம் போகவேண்டியவருக்கு வண்டி. வாசற்படியில் ஒரு சாய்தளம். எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்காத பக்குவம். அப்புறம், 'வீரர்' என்கிற சொல்லைக் கொஞ்சம் குறைத்துப் பயன்படுத்துவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாள் முழுக்க வீரராக இருக்க வேண்டியவருக்கு, ராத்திரி தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராது.

இப்போது உக்ரைனில், லிவிவ் அருகே 2023-இல் நன்கொடைகளால் திறக்கப்பட்ட சூப்பர்ஹியூமன்ஸ் மையத்தில் இருபதுகளில் இருக்கும் பையன்கள் தங்கள் முதல் செயற்கைக் காலில் நடந்து பழகுகிறார்கள். உலகத்தின் கண் இன்றைக்கு அவர்கள் மேல் இருக்கிறது. கணக்குப்படி அவர்களுடைய பத்தாவது காலுக்கு 2060-ஐ ஒட்டி அளவெடுப்பார்கள்.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட் சங்கத்தார் போர் முடிந்தும் வருடா வருடம் அதே ஊருக்கு வந்து கூடினார்கள். கடைசிக் கூட்டம் 2007-இல் நடந்தது. அதற்குமேல் பயணம் செய்ய உறுப்பினர்களுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை.